லயத்திலிருந்து ஒரு வினா

வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மழையே பதுளை மலைகளுக்குப் பெருமழை. ஐப்பசி பிறந்ததும் தோட்டத்து முதியோர் வானத்தைப் பார்ப்பதிலும் பார்க்க மலையையே அதிகம் பார்ப்பர். 2025ஆம் ஆண்டு நொவெம்பர் இறுதி வாரத்தில், பின்னர் ‘டித்வா’ எனப் பெயர்பெற்ற புயலின் மழை பெய்யத் தொடங்கியிருந்த ஒரு மாலை. அப்புத்தளைக்குக் கீழே, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தம் பேத்தியின் கைத்தொலைபேசியை வாங்கி வாயருகே பிடித்துக்கொண்டு கேட்டார்:

“எங்க லயத்துக்கு மேல மண்ணு வருமா? இன்னிக்கு ராவு இங்க படுக்கலாமா?”

பேத்தி பல்கலைக்கழக மாணவி. விடுமுறைக்கு வீடு வந்திருந்தவள். எழுத்தறியாதவரும் வாயாற் கேட்டு விடை பெறலாம் என்று அப்பாயிக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவளே. விடை சில நொடிகளில் வந்தது. பிழையற்ற தமிழ். நிலத்தில் வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் கலங்குதல் ஆகிய அறிகுறிகளை அது முறையாக எடுத்துரைத்தது. இறுதியில், கிராம நிர்வாக அலுவலரையோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையோ உடனே தொடர்புகொள்ளுமாறும், குடும்ப அட்டையைப் பத்திரப்படுத்துமாறும் அறிவுரை கூறியது.

மூதாட்டி சற்று நேரம் யோசித்தார். “ஆட்சியர்னா யாரு புள்ள? நம்ம தொரையா?”

“இல்ல அப்பாயி. அது இந்தியாவுல இருக்கிற கச்சேரிப் பெரியவரு.”

“கேட்டது இங்க. சொல்றது அங்கயா?”

பேத்தியிடம் இதற்கு மறுமொழி இல்லை. லயத்தின் பின்புறத்துப் பீலியில் நீர் செந்நிறமாக வருவதை அயல்வீட்டு முதியவர் ஒருவர் கண்டு சொன்னதன் பேரில், அக்குடும்பத்தினர் அன்றிரவு கோயில் மண்டபத்திற்குச் சென்று படுத்தனர். லயம் விழவில்லை. எனினும் மாவட்டத்தின் வேறு பல இடங்களில் மலை சரிந்தது. அப்புயலினால் மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மழை ஓய்ந்த பின்னரும் மாணவியின் மனத்தை விட்டு நீங்காதிருந்தது அப்பாயியின் அந்த இரண்டாம் வினாவே. இங்கே கேட்ட கேள்விக்கு அங்கிருந்து ஏன் விடை வந்தது?

இதனை இயந்திரத்தின் அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் நிகழ்ந்தது வேறு. தமிழில் எழுதப்பட்டு இணையத்தில் இடம்பெற்றுள்ள அரச அலுவற் செய்திகளுட் பெரும்பாலானவை தமிழ்நாட்டைச் சார்ந்தவை. இடப்பெயர் இல்லாத தமிழ் வினா ஒன்று வரும்போது, எழுத்து எங்கே மிகுதியாகக் குவிந்துள்ளதோ அப்பக்கமே இயந்திரம் சாய்கிறது. அது பொய் சொல்லவில்லை, தன்னிடமிருந்ததைச் சொன்னது.

இத்தனைக்கும் அவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி இந்நாட்டிலே இருக்கத்தான் செய்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மூன்று படிகளாக வெளியிட்டு வருகின்றது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 மில்லிமீற்றரைக் கடந்தால் எச்சரிக்கை. 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற்றம் என்பது அதன் பொது வரையறை. எச்சரிக்கைகள் மாவட்டத்தையும் பிரதேச செயலாளர் பிரிவையும் குறித்து வெளிவருவன. மூதாட்டியின் வினாவிற் பிரதேச செயலாளர் பிரிவின் பெயர் இல்லை. எச்சரிக்கை அறிவித்தலில் அவருடைய தோட்டத்தின் பெயர் இல்லை. அவர் ‘மண்ணு வருமா’ என்றார். ஏடு ‘மண்சரிவு அபாயம்’ என்றது. ஒரே மலையைப் பற்றிய வினாவும் விடையும் ஒன்றையொன்று சந்திக்காமலே போயின.

இச்சந்திப்பை ஏற்படுத்துவதெப்படி என்பதே இன்று உலகெங்கும் இணையத்தளம் நடத்துவோர் முன்னுள்ள பிரச்சினை. இதன் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் பயன்தரும். 1994ஆம் ஆண்டளவில், தளங்களைத் தாமாகவே படித்துத் திரியும் தேடுபொறிகள் எங்கே நுழையலாம், எங்கே நுழையக்கூடாது என்பதைக் கூறும் சிறு கோப்பொன்றைத் தளத்தின் வாயிலில் வைக்கும் வழக்கம் தோன்றியது. அது வாயிற்காவலனின் பலகை போன்றது. 2011இல் கூகிள், மைக்ரோசொப்ட், யாகூ ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து, பக்கத்திலுள்ள ஒவ்வொரு செய்தியும் இன்னதென இயந்திரத்துக்கு உணர்த்தும் பொதுச் சொற்றொகுதி ஒன்றை வெளியிட்டன. இது நிகழ்ச்சி, இது அதன் திகதி, இது இடம், இது பொறுப்பான நிறுவனம் என்று பெயர்ச்சீட்டு ஒட்டும் முறை அது. 2024 நொவெம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம், செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வெளியிலுள்ள தரவுகளையும் கருவிகளையும் அணுகுதற்கான பொது நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. 2025 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘என்.எல்.வெப்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. இதனை உருவாக்கியவர் ஆர்.வி. குகா, சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்றவர். 2011ஆம் ஆண்டின் சொற்றொகுதிக்கும், அதற்கு முன்னைய செய்தியோடை முறைக்கும் அடித்தளமிட்டவர்களுள் அவரும் ஒருவர்.

இத்திட்டத்தின் கருத்து எளிமையானது. ஒரு தளம் தன்னுடைய தரவைக்கொண்டு, தன்னிடம் இயல்பான மொழியிற் கேட்கப்படும் வினாவுக்குத் தானே விடை சொல்ல வேண்டும். கேட்பவர் மனிதராயினும், மனிதரின் சார்பில் வரும் மென்பொருள் முகவராயினும் விடை ஒன்றே. முன்னைய தேடுபொறி நம்மைப் பத்து வாயில்களின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. உள்ளே சென்று தேடுவது நமது வேலையாயிருந்தது. முகவரோ தானே உள்ளே சென்று, படித்து, விடையோடு திரும்புகிறது. ஆகவே, உள்ளே என்ன இருக்கிறது என்பது முன்னெப்போதிலும் முக்கியமாகிறது. அலுவலகம் விடை சொல்லாவிடின் வினா விடையின்றி நின்றுவிடுவதில்லை. வேறெவரோ விடை சொல்லிவிடுவர். ஹல்துமுல்லைக்கு மாவட்ட ஆட்சியர் வந்து சேர்ந்த விதம் அதுவே.

தோட்டத்து மக்களுக்கு இடையாள் என்பவன் புதியவனல்லன். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் எந்த அதிகாரத்தையும் நேரே அணுகியதில்லை. கங்காணி, கணக்கப்பிள்ளை, தொழிற்சங்கத்துத் தலைவர் என்று எப்போதும் நடுவில் ஒருவர் நின்றிருக்கிறார். அவருட் சிலர் கேள்வியை உள்ளபடி கொண்டு சென்றனர். சிலர் வழியிலேயே மாற்றினர். தபால்கூடத் தோட்டக் காரியாலயத்திற்கு வந்து, அங்கிருந்து கைமாறியே லயத்தை அடைந்தது. லயத்து அறைக்குத் தனி முகவரி இல்லாமையால் நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கிடைத்த கதைகள் மலையகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு.

இவ்விடையாட்களுள் ஒருவர் தனித்து நினைக்கத்தக்கவர்: கச்சேரியின் அருகே, தட்டச்சுப் பொறியுடன் அமர்ந்திருந்த மனு எழுதுபவர். மாணவியின் தந்தை சிறுவனாயிருந்தபோது, ஈ.பி.எப். காசு தொடர்பாகத் தம் தாயோடு பதுளைக்குச் சென்று அத்தகைய ஒருவரிடம் மனு எழுதுவித்த நிகழ்ச்சியை வீட்டில் அடிக்கடி சொல்வதுண்டு. தாய் தம் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாராம்: எந்தத் துரையின் காலத்தில் பேர் பதிந்தது, எந்த ஆண்டில் மலை மாறியது, எவர் இறந்தபோது வேலை நின்றது என்று. எழுதுபவர் குறுக்கிடாமற் கேட்டாராம். பின்பு நான்கே கேள்விகள்: எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருஷம், செக்ரோலில் எந்தப் பெயர். அதன் பிறகு ஒரு பக்கம் தட்டச்சு. “வயசு அம்பதாகட்டும், பொம்பளைங்களுக்கு அப்பதான் குடுப்பாங்க. சர்வீஸ் காசு வேற, அதுக்கு இது ஆபீசு இல்ல, தொழில் கந்தோருக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பினாராம்.

இன்று ‘இயல்பு மொழி வினாவுக்குத் தளத்தை ஆயத்தம் செய்தல்’ என்று பேசப்படுவது யாவும் இந்த மனிதரின் தொழிலில் அடங்கியிருந்ததென்றாற் பிழையாகாது. அவர் கேட்பவரின் சொல்லை அலுவலகத்தின் சொல்லாக மாற்றினார். ‘சர்வீஸ் காசு’ என்பது பணிக்கொடை என்றும், அது ஊழியர் சேமலாப நிதியினின்றும் வேறான 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்திற்குரியது என்றும் அறிந்திருந்தார். இடம், காலம், பெயர் ஆகியவை இல்லாத வினாவுக்கு விடையில்லை என்பதறிந்து, விடை சொல்லுமுன் அவற்றைக் கேட்டார். தம் எல்லைக்கு அப்பாற்பட்டதை, எங்கே கேட்கவேண்டும் என்று சொல்லி விட்டார். கைத்தொலைபேசியிலிருந்த இயந்திரம் செய்யத் தவறியது இவற்றையே. ‘நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்?’ என்ற ஒரு கேள்வியை அது கேட்டிருக்குமாயின் அவ்விடை வேறாயிருந்திருக்கும்.

அத்தகைய மனு எழுதுபவரின் அறிவை அலுவலகத்தின் ஏட்டுக்குள் கொண்டுவருவதெப்படி? மாணவி தன் துறை நண்பர்களோடு அமர்ந்து சில அரச அறிவித்தல்களைப் பரிசோதித்தபோது முதலிற் கண்ட தடை மிகச் சாதாரணமானது. பழைய தமிழ் ஆவணங்கள் பல ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. அவ்வெழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இருப்பிடத்திலே தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். ‘அம்மா’ என்று நம் கண் படிப்பதைக் கணினி ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று படிக்கும். திரையில் அழகிய தமிழ். இயந்திரத்துக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள். தாளை ஒளிப்படமாக எடுத்து ஏற்றிய கோப்புகளின் நிலை இன்னும் மோசம். அங்கே எழுத்தே இல்லை, படம் மட்டுமே. அரசாங்கம் தமிழில் அறிவித்தது என்பதும் உண்மை. அவ்வறிவித்தல் எந்த வினாவுக்கும் விடையாகாது என்பதும் உண்மை. ஒருங்குறியில் மீள எழுதுதல் முதற் பணி. பெரும்பணமோ பெருந்தொழினுட்பமோ வேண்டாத பணியும் அதுவே.

இரண்டாவது, காலம். தோட்டத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் வினா ஒன்று: ‘ஒரு பேருக்கு எவ்வளவு?’ நாட்சம்பளத்தையே அவர்கள் அவ்வாறு கேட்கின்றனர். 2021இல் அது 1,000 ரூபாய். 2024 மே மாதத்தில் 1,700 என அறிவிக்கப்பட்டது. யூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 என்று நிர்ணயமாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 1,550, வருகைக்கான ஊக்குவிப்பு 200, ஆக 1,750 என அறிவிக்கப்பட்டது. இந்நான்கு தொகைகளும் இணையத்தில் அருகருகே கிடக்கின்றன. பழைய பக்கத்தில் ‘இது இன்ன திகதியோடு முடிந்தது’ என்ற குறிப்பு இல்லாவிடின், முகவர் எதனை எடுத்துச் சொல்லும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அமுலுக்கே வராத 1,700 ரூபாயை நம்பிக் கணக்கப்பிள்ளையிடம் சென்று நியாயம் கேட்கும் தொழிலாளிக்கு நேரும் அவமானம் சிறிதன்று. வெளியிட்ட நாள், நடைமுறைக்கு வந்த நாள், முடிந்த நாள், வெளியிட்ட அலுவலகம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு செய்தியோடும் சேர்த்து வைத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, சொல். இயந்திரம் சொற்களை அவற்றின் பொருள்நெருக்கத்துக்கேற்ப எண்களாக மாற்றி, வினாவுக்கு மிக அண்மையிலுள்ள பகுதியைத் தேடி எடுக்கிறது. ‘பேர்’ என்பதும் ‘நாட்சம்பளம்’ என்பதும் அண்மையிலுள்ளவை என்பதை அது எங்கேனும் படித்திருந்தாலன்றி அறியாது. மலையகத் தமிழ் ஏட்டில் ஏறியது குறைவு. லயம், பிரட்டு, கொழுந்து, அரைப்பேர், கைக்காசு ஆகிய சொற்கள் சிறுகதைகளிலும் நாட்டார் பாடற் றொகுப்புகளிலும் வாழ்கின்றன. அரச படிவங்களில் வாழ்வதில்லை. இடப்பெயரிலும் இதே நிலை. பதிவேட்டில் ஆங்கிலப் பெயர் கொண்ட தோட்டம் மக்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரால் வழங்கும். அது எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவைச் சேர்ந்தது என்பதை அங்கே பிறந்தவரும் அறியாதிருக்கலாம். ஒவ்வொரு தோட்டத்தின் இரு பெயர்களையும், அதன் டிவிசன்களையும், அவை சேரும் நிருவாகப் பிரிவையும் ஒரே அட்டவணையாக எழுதி வைப்பது, மாபெரும் கணினி நிறுவனங்கள் எவையும் நமக்காகச் செய்து தரப்போகும் பணியன்று. இங்குள்ளவர்களே செய்ய வேண்டியது.

இவற்றைச் சலுகையாகக் கேட்கவேண்டிய நிலையும் இல்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் பதினாறாம் திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு விசேட கவனத்துக்குரியது. எழுத்தில் விண்ணப்பிக்க இயலாத பிரசை வாய்மொழியாகக் கேட்கலாம். அதனை எழுத்தில் வடிப்பது தகவல் அலுவலரின் கடமை. மனு எழுதுபவரின் வேலையைச் சட்டம் அலுவலரிடமே ஒப்படைத்துள்ளது எனலாம். வாயாற் கேட்டாலும் அது வினாவே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட பின், அலுவலகத்தின் இணையத்தளம் மட்டும் அதனை ஏற்காதிருத்தல் பொருந்துமா?

மழை முற்றாக விட்ட பின், மாணவி ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு லயம் லயமாகச் சென்றாள். ‘அரசாங்கத்துக்கிட்ட என்ன கேக்கணும்?’ என்பது ஒன்றே அவள் கேட்டது. சொன்னவற்றைச் சொன்னபடியே எழுதினாள், திருத்தவில்லை. அடையாள அட்டையில் ஒரு பெயரும் செக்ரோலில் வேறு பெயரும் இருப்பது பற்றிய கேள்விகளே அதிகம். பிறகு சம்பளம், ஈ.பி.எப்., பிள்ளையின் பாடசாலை, கூரைத்தகரம். அக்கொப்பியோடு அவள் ஓர் அலுவலகத்துக்குச் சென்றாள். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையுள்ளவர். பெரும்பாலானவற்றுக்கு அங்கேயே விடை சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள். சிலவற்றுக்கு எந்த அலுவலகம், எந்தக் கிளை என்று குறித்துக் கொடுத்தார். இவை இரண்டும் விடைகளே. கேட்டவர் சொல்லில் வினாவும், பொறுப்புடையவர் சொல்லில் விடையும், திகதியும் எதிரெதிரே அமைந்த அந்தக் கொப்பியைத்தான் இயந்திரத்துக்கு ஊட்டவேண்டும் என்பதை அவள் அப்போது தெளிவாக உணர்ந்தாள்.

கடைசிப் பக்கத்தில் அப்பாயியின் வினா இருந்தது. ஆனால் அது முதல்நாட் கேட்ட வினா அன்று. கோயில் மண்டபத்திற் படுத்திருந்தபோது கேட்டது. “எந்திரிச்சுப் போங்கங்கிறாங்க. எங்க போறது?”

உத்தியோகத்தர் அதைப் படித்துவிட்டுக் கொப்பியைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் ஆபத்து உண்டென்று எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. எச்சரிக்கை அங்கே இல்லாமற் போகவில்லை. போவதற்கு ஓர் இடமே இல்லாதிருந்தது. லயமும் அது நிற்கும் நிலமும் அங்கு வாழ்வோருக்குரியன அல்ல. வெளியேறுக என்ற சொல்லுக்கு எதிரே எழுதுவதற்கு எந்த அலுவலகத்தின் ஏட்டிலும் நிரந்தரமான விடை இல்லை. அத்தகைய வினாவை எத்துணை நுட்பமான இயந்திரத்திடம் கொடுத்தாலும், அது ஏதாவது ஒன்றை அழகிய தமிழிற் சொல்லிவிடும் என்பதே அஞ்சத்தக்கது.

“இதை அழிச்சிட வேணாம்,” என்றார் அவர். “கேள்விய அப்படியே போடுங்க. பதில் பக்கத்த வெறுமையா விடுங்க. திகதிய மட்டும் எழுதுங்க.”

மாணவி அவ்வாறே எழுதினாள்.